மூச்சை இழுங்க... நிறுத்துங்க!

ஏழு வயதுப் பெண் குழந்தை. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் குழு பரிசோதனை செய்துவிட்டு, "இருதயத்தில் ஒரு சத்தம் கேட்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவும்" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. தாய்க்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கூட வந்த மாமியாருக்கோ வேறு கவலை.

"எதுக்கும்மா இதையெல்லாம் கிளறிக்கிட்டு? புள்ள நல்லாத்தானே ஓடியாடுது? நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்க வேண்டிய பொண்ணு. நெஞ்சுல ஏதோ கோளாறுன்னு ஊருக்குள்ள பேச்சுக் கிளம்பினா என்ன பண்றது?"

"பேசாம இருங்க அத்தை, டாக்டரம்மா பார்க்கட்டும்."

டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் குழந்தையின் இடது மார்பில் வைக்கிறார். "மூச்சை இழு கண்ணு... ம், விடு... இன்னொரு தரம் இழு..." படுக்க வைத்து ஒரு தடவை, உட்கார வைத்து ஒரு தடவை, முன்னால் குனியச் சொல்லி ஒரு தடவை. தாய் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்:

"டாக்டரம்மா, நீங்க பார்க்கிறது இருதயம்தானே? மூச்சை ஏன் இழுக்கச் சொல்றீங்க? நெஞ்சுல சளியும் இருக்கா?"

திருவாரூரிலோ மன்னார்குடியிலோ எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அந்தத் தாய் கேட்டது அருமையான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால், நம்மில் பல பேருக்கு வீண் பயமும் போகும்; அதைவிட ஆபத்தான வீண் தைரியமும் போகும்.

ஆரூர்ப் பெருமானின் ஆட்டம்

மூச்சுக்கும் மார்புக்கும் உள்ள உறவைச் சொல்ல, திருவாரூர்க்காரர்களுக்கு ஒரு கதையே இருக்கிறது. தியாகராஜப் பெருமான் அங்கே ஆடுவது அஜபா நடனம். வாயால் உச்சரிக்காமல், மூச்சோடு மூச்சாக உள்ளுக்குள்ளேயே நடக்கும் ஜபத்துக்கு அஜபா என்று பெயர். திருமால் சோமாஸ்கந்த மூர்த்தியைத் தன் மார்பிலே வைத்துப் பூஜித்தாராம். மூச்சை இழுக்கும்போது அவர் மார்பு உயர்ந்தது, விடும்போது தாழ்ந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி பெருமானும் ஆடினார். பிறகு அந்த மூர்த்தி இந்திரனிடம் போய், அவனுக்கு யுத்தத்தில் உதவிய முசுகுந்தச் சக்கரவர்த்தி மூலம் ஆரூருக்கு வந்து சேர்ந்தது என்பது ஸ்தல புராணம். சப்த விடங்கத் தலங்கள் ஏழிலும் ஏழு விதமான நடனம். மூச்சின் நடனம் ஆரூருக்குச் சொந்தம்.

நம் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு நாளைக்கு 1,440 நிமிஷம். வகுத்துப் பாருங்கள், நிமிஷத்துக்குச் சரியாக 15 மூச்சு வரும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்று இன்றைய வைத்திய சாஸ்திரமும் சொல்கிறது. அதே ஒரு நிமிஷத்தில் இருதயம் ஏறக்குறைய 72 தடவை துடிக்கிறது. அதாவது ஒரு மூச்சுக்கு நாலைந்து துடிப்பு.

புராணத்தை வைத்தியப் புத்தகமாக்க வேண்டாம். ஆனால் நம் மார்புக்குள் இருக்கும் இருதயம் ஒவ்வொரு மூச்சுக்கும் தன் ஓட்டத்தை மாற்றிக்கொள்கிறது என்பது நிஜம். அதன் சத்தமும் மாறுகிறது. டாக்டரம்மா கேட்பது அந்த மாற்றத்தைத்தான்.

லப்... டப்...

இருதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது பக்கம் உடம்பிலிருந்து திரும்பும் அசுத்த ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம் நுரையீரலில் சுத்தமான ரத்தத்தை வாங்கி உடம்பு முழுவதும் அனுப்புகிறது. போன ரத்தம் திரும்பி வந்துவிடாமல் நாலு வால்வுகள் கதவு மாதிரி காவல் காக்கின்றன. நமக்குக் கேட்கும் சத்தம் இந்தக் கதவுகள் சாத்தும்போது எழுவதுதான்.

மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் உள்ள இரண்டு கதவும் சாத்தும்போது 'லப்'. கீழ் அறைகளிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசல்களில் உள்ள இரண்டு கதவும் சாத்தும்போது 'டப்'.

இதைக் கேட்க உதவும் கருவி பிறந்ததே ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்துத்தான். அந்தக் காலத்தில் டாக்டர்கள் நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைத்துக் கேட்பார்கள். 1816-ல் பாரீஸில் லெனெக் என்ற டாக்டரிடம் இருதய நோயோடு ஓர் இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைப்பது முறையல்ல என்று நினைத்த அவர், காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். நேராகக் கேட்பதைவிடச் சத்தம் தெளிவாகக் கேட்டது! அந்தக் காகிதக் குழல்தான் இன்றைய ஸ்டெதாஸ்கோப்பின் பாட்டி.

இரண்டு வயல், இரண்டு மடை

சரி, மூச்சு எங்கே வருகிறது?

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வயலில் தண்ணீர் வடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் என்றால் ஒரே நேரத்தில் வடிந்துவிடும். இரண்டு மடையையும் சேர்ந்தாற்போல் அடைக்கலாம். ஒரு வயலில் மட்டும் நாலு விரற்கடை தண்ணீர் கூடுதல் என்றால்? அது வடிய நேரமாகும். அந்த மடையைச் சற்றுத் தாமதித்துத்தான் அடைப்போம்.

இருதயத்திலும் இதே கதைதான். மூச்சை இழுக்கும்போது மார்புக்கூடு விரிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. காற்று நுரையீரலுக்குள் வருகிற மாதிரியே, வயிற்றிலிருந்தும் தலையிலிருந்தும் வரும் ரத்தமும் கூடுதலாக இழுக்கப்பட்டு இருதயத்தின் வலது பக்கத்தில் சேர்கிறது. வலது கீழ் அறைக்கு வேலை அதிகம். அதன் வாசல் கதவு சற்றுத் தாமதமாகச் சாத்துகிறது. அதே சமயம் விரிந்த நுரையீரல் கொஞ்சம் ரத்தத்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்வதால், இடது பக்கத்துக்கு வருவது குறைந்து, அந்தக் கதவு சற்று முந்திச் சாத்துகிறது.

ஒன்றாகக் கேட்ட 'டப்' இப்போது 'ட்ட...டப்' என்று இரண்டாகப் பிரிகிறது. இடைவெளி ஒரு விநாடியில் நூற்றில் நாலைந்து பங்குதான். நம் காதுக்குப் பிடிபடாது. பழகிய காதுக்குப் பிடிபடும். மூச்சை விட்டதும் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும். இழுத்தால் பிரிவது, விட்டால் சேர்வது ஆரோக்கியமான இருதயத்தின் லட்சணம். குழந்தைகளுக்கு இது நன்றாகவே கேட்கும். 1866-லேயே பொத்தேன் என்ற பிரெஞ்சு டாக்டர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

வரப்பில் ஒரு நண்டு வளை

மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்த 'ட்ட...டப்' மாறாமல் பிரிந்தே நின்றால்?

அப்போதுதான் டாக்டரம்மாவின் புருவம் சுருங்குகிறது. இரண்டு மேல் அறைகளுக்கும் நடுச்சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருக்கலாம். நம் பக்கத்துப் பாஷையில் சொன்னால் வரப்பில் நண்டு வளை! மேட்டு வயலின் தண்ணீர் வளை வழியாகப் பள்ள வயலுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். பள்ள வயல் எப்போதும் நிறைந்தே நிற்கும். அதேபோல இடது பக்கத்து ரத்தம் ஓட்டை வழியே வலது பக்கம் கசிந்து, வலது பக்கம் எந்நேரமும் நிறைந்தே இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது உடம்பிலிருந்து வருவது கூடினால், ஓட்டை வழியே வருவது குறைகிறது. விடும்போது உடம்பிலிருந்து வருவது குறைந்தால், ஓட்டை வழியே வருவது கூடுகிறது. மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. அதனால் சத்தமும் மூச்சுக்குக் கட்டுப்படுவதில்லை.

இந்த ஓட்டையின் பொல்லாத குணம், குழந்தைப் பருவத்தில் ஒன்றும் தெரியாது. அடிக்கடி நெஞ்சுச் சளி, விளையாட்டில் சீக்கிரம் களைப்பு, அவ்வளவுதான். இது ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். பெண் ஓடாமல் ஆடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "எம்பொண்ணு ரொம்ப அடக்கம்." அடக்கமா, அசதியா என்று யார் பார்த்தது? வயது ஏறி, கல்யாணமாகி, மூச்சு வாங்கும்போதும் படபடக்கும்போதும்தான் விஷயம் வெளியே வருகிறது. அதற்குள் பல வருஷம் கூடுதல் ரத்தத்தைச் சுமந்து வலது பக்கம் வீங்கிப் போயிருக்கும். நுரையீரல் குழாய்களும் கெட ஆரம்பித்திருக்கலாம்.

காலத்தோடு கண்டுபிடித்தால் பயமில்லை. சின்ன ஓட்டைகள் சில குழந்தைப் பருவத்தில் தாமே மூடிக்கொள்ளும். பெரியவற்றை ஆபரேஷன் செய்து அடைக்கிறார்கள். இடம் தோதாக இருந்தால், மார்பைத் திறக்காமல் தொடை ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, குடை மாதிரி விரியும் சின்ன மூடியைப் பொருத்திவிடுகிறார்கள்.

எல்லாச் சத்தமும் வியாதியல்ல

"இருதயத்தில் சத்தம்" என்றவுடனே அழ வேண்டாம். லப்-டப் நடுவில் 'உஸ்...' என்று கேட்கும் இரைச்சலைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வேகமாகப் போனால் சலசலக்காதா? அதுபோல ஜுரம் அடிக்கும்போதும், ரத்தசோகை உள்ளபோதும், கர்ப்ப காலத்திலும் நல்ல இருதயத்திலேயே இரைச்சல் கேட்கும். ஒரு குறையும் இல்லாத ஏராளமான குழந்தைகளுக்கும் கேட்பதுண்டு. படுத்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். கழுத்தோரம் கேட்கும் ஒரு வகை ரீங்காரம், தலையைத் திருப்பினாலே நின்றுவிடும். வளர வளரத் தானே மறைந்துவிடும்.

அதற்காக, "மூச்சோடு மாறினால் நல்லது, மாறாவிட்டால் கெட்டது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. வலது பக்கத்து வால்வு ஒழுகினால் அந்த இரைச்சல் மூச்சை இழுக்கும்போது பலமாகும். 1946-ல் மெக்சிகோவின் டாக்டர் ரிவேரோ கர்வாயோ இதை எழுதினார். இன்றும் இந்த அடையாளத்துக்கு அவர் பெயர்தான். இடது பக்கத்துக் கோளாறுகளோ மூச்சை விட்டு நிறுத்தும்போது நன்றாகக் கேட்கும். முன்னால் குனிந்து மூச்சை விடச் சொல்வதும், இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதும் இதற்குத்தான். சந்தேகம் வந்தால் எக்கோ எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

கேட்ட காதுகளும் தொட்ட விரல்களும்

குழந்தைகளின் இருதய வைத்தியத்துக்கு வழி போட்ட அமெரிக்காவின் ஹெலன் டாசிக் அம்மையாருக்கு இளம் வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்தே இருதயத்தின் போக்கை அறிந்தார்!

அவரிடம் பயின்றவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர். 1954-ல் டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் இருதய கிளினிக் தொடங்கினார். 2020-ல், 103-ஆம் வயதில் காலமானார். நுரையீரல் கெட்டு, அதனால் இருதயத்தின் வலது பக்கம் நோகும் வியாதியைப் பற்றி 1959-ல் இவரும் இன்னொரு டாக்டரும் எழுதினார்கள். பீடி, சிகரெட் அறியாத பெண்களுக்கும் இந்த வியாதி வந்ததற்கு, சமையலறையில் விறகும் வறட்டியும் எரித்த புகை முக்கிய காரணம் என்று இந்த ஆராய்ச்சிகள் காட்டின. இந்த நோயாளிகளுக்கு 'டப்'பின் இரண்டாவது பாதி ஓங்கி ஒலிக்கும். இன்றும் விறகடுப்பு மூட்டுகிறவர்கள் புகை வெளியேற வழி செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

தொண்டை வலியில் ஆரம்பித்து...

பிறவிக் கோளாறு ஒரு பக்கம். நல்ல இருதயத்தைக் கெடுக்கும் வியாதி ஒன்றும் உண்டு. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் வரும் ஒரு வகைத் தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காவிட்டால், இரண்டு மூன்று வாரத்தில் ஜுரமும் மூட்டு வீக்கமும் வரலாம். இன்றைக்கு முழங்கால், நாளைக்குக் கணுக்கால், மறுநாள் முழங்கை என்று வலி இடம் மாறும். இதுதான் ருமாட்டிக் ஜுரம். மூட்டு வலி போய்விடும். ஆனால் இருதய வால்வில் வடு நின்றுவிடலாம். "வளர்ற புள்ளைக்கு வர்ற வலி" என்று தைலம் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். ருமாட்டிக் ஜுரம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், 21 நாளைக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போடச் சொல்வார். பல வருஷம் போட வேண்டும். கல்யாணம், திருவிழா, பரீட்சை என்று ஒரு தவணையும் தள்ளக்கூடாது.

கர்ப்பவதிகளுக்கு

கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு கூடுகிறது. நாடி நிமிஷத்துக்குப் பத்து, இருபது துடிப்பு அதிகமாகும். அதனால் இலேசான இரைச்சலும், மாடி ஏறினால் சற்று மூச்சு வாங்குவதும் சகஜம். ஆனால் நேராகப் படுத்தால் மூச்சுத் திணறுவது, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, இருமினால் ரத்தம் வருவது, மயக்கம் போட்டு விழுவது, இவை சகஜமல்ல. ஒளிந்திருந்த வால்வுக் கோளாறு வெளிப்படுவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தசோகையையும் மறக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லவைதான். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை அலமாரியில் அடுக்கி வைக்காமல் சாப்பிடுவதும் முக்கியம்.

வீட்டிலே நீங்கள் கவனிக்க வேண்டியது

* குழந்தையின் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வேகமாகவும், விடும்போது மெதுவாகவும் துடித்தால் பயப்படாதீர்கள். குழந்தைகளுக்கு அது இயற்கை.

* பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றி வியர்க்கிறதா? நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குகிறதா? எடை ஏறவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். உதடோ நாக்கோ நீலம் பாரித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.

* தூங்கும் குழந்தையின் மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

* பரிசோதனையின்போது குழந்தை வாயை இலேசாகத் திறந்து, சத்தமில்லாமல் மூச்சு விடட்டும். அழும் குழந்தையின் நெஞ்சில் ஒன்றும் கேட்காது. முதலில் சமாதானப்படுத்துங்கள்.

* டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள்: "இது சாதாரணச் சத்தமா, மேற்கொண்டு பார்க்கணுமா? மறுபடி எப்போ வரணும்?" பழைய சீட்டுகளை ஒரு பையில் பத்திரமாக வையுங்கள்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை

அந்த மாமியாரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பேத்தியின் வாழ்வு பற்றிய கவலைதான் அவரை அப்படிப் பேச வைத்தது. ஆனால் சீட்டைக் கிழித்துப் போட்டால் சத்தம் நின்றுவிடுமா? இன்றைக்கு ஊருக்கு மறைத்ததை நாளைக்குப் பிரசவ அறையில் மறைக்க முடியுமா?

இப்போது வழிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தேடி வந்து பரிசோதித்து, குறை கண்டால் இலவச சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டம் 2013-ல் வந்தது. 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருதய ஆபரேஷனுக்கும் இடமுண்டு. திருவாரூருக்கு 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் தஞ்சாவூருக்கோ மெட்ராஸுக்கோ ஓட வேண்டியிருந்தவர்கள், இன்று முதல் பரிசோதனையை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம்.

ஓட்டை அடைபட்ட பெண் பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், டாக்டர் ஆலோசனையோடு பிள்ளையும் பெறலாம். கண்டுகொள்ளாமல் விட்டால்தான் இதெல்லாம் சந்தேகம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த தடவை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து "மூச்சை இழுங்க... நிறுத்துங்க" என்றால், நெஞ்சில் சளி என்று மட்டும் நினைக்காதீர்கள். நடுவில் பேச்சுக் கொடுக்காமல், அவர் நிதானமாகக் கேட்கும்படி விடுங்கள். உங்கள் வீட்டுப் பெண் குழந்தைக்கு இதுவரை யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்றால், இந்த மாதமே ஒரு தடவை அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள்.